முதுகுக்குப் பின்னால் மாட்டிய பெல்ட்

என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் ஆளைத் தெரியாது. "பெல்ட் வாத்தியார்" என்று கேட்டால் பால் போடுகிறவர்கூட வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவருக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருக்கிறார். முதலாளி மாறினார், கார்கள் மாறின, இவர் மட்டும் அதே பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரையே ஓட்ட வைத்தார்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்வார், வாத்தியார் அவருக்குப் பக்கத்தில். வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் சொதப்பினால் இவர் மிதித்து நிறுத்திவிடுவார். இத்தனை வருஷம் மிதித்த பழக்கத்தில் வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை அழுத்துவார். நான் கொதிக்கிற டீயை எடுத்துக்கொண்டு வேகமாக வந்தால் அதற்கும் ஒரு பிரேக். "எனக்கு ஏன் பிரேக் போடறீங்க, நான் என்ன லாரியா?" என்று கேட்பேன். அவரைக் கேலி செய்வதில் எனக்கு அப்படி ஒரு சுகம்.

பெல்ட் விஷயத்தில் மட்டும் எந்தக் கேலியும் எடுபடாது. ஒருமுறை எங்கள் காரில் என் தம்பியும் வந்தான். பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பின்னாடி இருக்கறவனுக்கு எதுக்கு அத்தான் பெல்ட்டு?" என்று கேட்டுவிட்டான். இவர் எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ பறந்து வந்தா முன்னாடி இருக்கற என் கழுத்துதான் முறியும். மாட்டினாதான் வண்டி கிளம்பும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல வெயில். தம்பி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான், பிறகு வேர்த்து வழிய மாட்டினான். அன்றிலிருந்து அவனுக்கு இவர் "போலீஸ் அத்தான்".

பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பேசவும் கூப்பிடுவார்கள். எங்கள் மகளின் பழைய பொம்மை ஒன்றை ஒரு பொம்மைக் காரில் உட்காரவைத்துச் சுவரில் மோதவிட்டுக் காட்டுவார். பொம்மை எகிறிப்போய் விழும். பிறகு ஒரு ரிப்பனால் கட்டிவிட்டு மறுபடி மோதுவார், பொம்மை அப்படியே இருக்கும். பிள்ளைகள் கை தட்டும். மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் வகுப்பில் அவர் வந்து பேசிய நாளில், என் அப்பா என் அப்பா என்று அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் பெல்ட். இரண்டாவது பாடம், கண் ரோட்டை விட்டு நகரக் கூடாது. யாராவது பயந்துபோய் அவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால் தொலைந்தார்கள். "என் மூஞ்சியில என்ன சினிமாவா ஓடுது? முன்னாடி பாரு" என்று ஒரு சத்தம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அவரிடம் ஒரு நாள் கற்றுக்கொள்ளப் போனேன். மறுநாள் போகவில்லை. குடும்பம் நடக்க வேண்டும் அல்லவா.

ஒரு நாள் காலை நல்ல மழை. நான் கொடியில் நனைந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவருடைய டிரைவிங் பள்ளியில் இருக்கும் இன்னொரு வாத்தியார் பேசினார். வயதில் சின்னவர், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்குச் சின்ன அடி. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றார். பதறாதே என்று சொன்னால் யாரால் பதறாமல் இருக்க முடியும். ஈரக் கையோடு ஓடினேன்.

சின்ன அடி இல்லை. நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தையல். மூக்கெலும்பு உடைந்து முகமே வேறு யாருடையது மாதிரி வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. கால் முட்டி பலாக்காய் போலப் புடைத்திருந்தது. டாக்டர் குனிந்து, "பெல்ட் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார்.

"போட்டிருந்தேன்" என்றார் இவர், உடைந்த உதட்டோடு.

டாக்டர் அவருடைய சட்டையை விலக்கி நெஞ்சையும் தோளையும் பார்த்தார். அங்கே ஒரு சிவப்புகூட இல்லை. மறுபடி சட்டையை மூடிவிட்டு நகர்ந்துபோனார். நல்லவேளை, நெஞ்சில் அடியில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் இவரே சொன்னார். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். நல்ல ரோடு, நல்ல வேகம். சம்பந்தமே இல்லாமல் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டாள். கார் எதிலும் மோதவில்லை, காரின் பாடியில் ஒரு கீறல்கூட இல்லை, இவர் தலை மட்டும் கண்ணாடியில் போய் மோதியது. "பெல்ட் போட்டிருந்தும் இந்த அடியா?" என்று தம்பி கேட்டான். "அந்தப் பொண்ணு மிதிச்ச மிதியில பெல்ட்டே நிக்கலடா" என்றார். அடுத்து வந்தவர்களிடம் பெல்ட் பழசு என்றார். அதற்கடுத்து வந்தவர்களிடம் பெல்ட் கழன்றே வந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கூடவே உட்கார்ந்து தலையாட்டினேன்.

அந்தப் பெண் மறுநாள் வந்தாள். ஒரு கிளினிக்கில் நர்ஸ். வெள்ளை உடுப்போடு, கையில் ஆப்பிள் பையோடு, அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே தம்பி இருந்தான், மகள் இருந்தாள், பக்கத்து வீட்டுத் தம்பதி இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிருக்கும். கட்டில் அருகே வந்து கை கூப்பினாள். "சார், என்ன மன்னிச்சிடுங்க சார். நான் வேணும்னு பண்ணல" என்று சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "பிரேக்குன்னா ஒரேயடியா ஏறி மிதிக்கறதா? ஆளு போயிருந்தா நீயா வந்து எங்கள பாப்பே?" என்று கேட்டேன். அவள் நீட்டிய பையை நான் வாங்கவில்லை. அவளே அதை மெல்லத் தரையில், சுவரோரம் வைத்தாள். மகள் தன் காலை அந்தப் பைக்குப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். பிறகு பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி, "விடும்மா, பரவாயில்ல. எல்லாருக்கும் ஓட்ட வராது" என்றார். அவள் தலையை ஆட்டினாள். வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இவர் வீடு திரும்பிய பிறகு மூக்குக் கண்ணாடி எங்கே என்று தேடினோம். காரிலேயே விழுந்திருக்கும் என்று நான் பள்ளிக்குப் போனேன். அடிபட்ட அன்று ஓரமாக நிறுத்திய கார் அப்படியே நின்றது. முன்கண்ணாடியில் சிலந்தி வலை போல ஒரு விரிசல். ரிப்பேருக்கு ஆள் வரும்வரை யாரும் தொடவில்லையாம். அன்று போன் பண்ணிய சின்ன வாத்தியார் கதவைத் திறந்துவிட்டார். இவருடைய சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். கண்ணாடி கிடைத்தது, ஒரு பக்கக் காது ஒடிந்திருந்தது. நிமிரும்போது பெல்ட்டைப் பார்த்தேன்.

பெல்ட் மாட்டியிருந்தது. கொக்கி அதன் இடத்தில் சிக்கென்று விழுந்து, பட்டை சீட்டின் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முதலில் எனக்கு உறைக்கவில்லை. ஆளை வெளியே தூக்கியவர்கள் பெல்ட்டைக் கழற்றித்தானே தூக்கியிருப்பார்கள்? கழற்றியதை யார் மறுபடி மாட்டியது? சீட்டுத் துணியைப் பார்த்தேன். பட்டை கிடந்த இடத்தில் குறுக்காக ஒரு தடம், வருஷக்கணக்காக ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தித் துணி பளபளத்துப் போயிருந்தது. அந்தப் பெல்ட் யார் நெஞ்சுக்கும் முன்னால் வந்ததே இல்லை. அதை மாட்டி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"இது என்ன?" என்று சின்ன வாத்தியாரைக் கேட்டேன்.

அவர் நெளிந்தார். "எல்லாரும் அப்படித்தான் அண்ணி. மாட்டலேன்னா வண்டி கீ கீன்னு கத்திட்டே இருக்கும். அதுக்காகப் பின்னாடி மாட்டிக்கறது."

"ஒழுங்கா முன்னாடி மாட்டினா என்னவாம்?"

"திடீர்னு சாஞ்சு ஸ்டியரிங்கப் பிடிக்கணும்ல. சட்டுனு சாஞ்சா பெல்ட்டு பிடிச்சுக்கும், கை எட்டாது. அதான் எங்க ஆளுங்க யாரும்…" என்று இழுத்தார்.

"கத்துக்க வர்றவங்க பாக்க மாட்டாங்களா?"

"அவங்கதான் எங்க பக்கம் திரும்பவே கூடாதே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

மிச்சத்தையும் அவரிடமிருந்தே பிடுங்கினேன். அன்று மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லாமல், இவரே சீட்டு நுனிக்கு வந்து, எம்பி, துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். இவர் அவரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் பார்த்தாள், மிதித்தாள். கார் சறுக்காமல், வளையாமல், பெரியவரின் சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. பெரியவரே பிறகு பள்ளிக்கு வந்து, அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"அந்தப் பொண்ணு எங்க இப்ப?"

"நின்னுட்டாங்க அண்ணி. வீடு வீடாப் போய் நோயாளிங்களப் பாக்கற வேலைக்கு அவங்க கிளினிக்ல கார் குடுக்கறதா இருந்தாங்களாம். ஓட்டக் கத்துக்கிட்டா அந்த வேலை இவங்களுக்கு. இனிமே ஸ்டியரிங்கத் தொட மாட்டேன், வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு கிளினிக்ல சொல்லப் போறேன்னாங்க."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் அந்த ஆப்பிள் பைதான் கண்ணுக்குள் நின்றது. அவள் கையிலிருந்து வாங்கியாவது இருக்கலாம். ஒரு உயிரைக் காப்பாற்றியவளை நிற்கவைத்து நான் கேட்ட கேள்வியை நினைத்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இவர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டிவியை அணைத்தேன். ஒடிந்த கண்ணாடியை அவர் மடியில் போட்டேன்.

"காரப் பாத்தேன். பெல்ட்டு இன்னும் மாட்டின மேனிக்கே இருக்கு, உங்க முதுகுக்குப் பின்னாடி."

"அது… அப்புறம் யாராவது மாட்டியிருப்பாங்க" என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்கவில்லை. ஊருக்கே பெல்ட் மாட்டிவிட்ட மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் பெல்ட் வாத்தியார்" என்றார் கடைசியில், மெதுவாக. "என்னப் பாத்து டாக்டர் கேக்கறாரு, போட்டிருந்தீங்களான்னு. பக்கத்துல நீ நிக்கறே. எப்படி இல்லன்னு சொல்றது? ஒரு தடவ சொல்லிட்டேன். அப்புறம் வர்றவங்க எல்லாரும் கேட்டாங்க."

"உங்க மானத்தக் காப்பாத்த அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டீங்க."

"ஆமா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ மிதிச்சது தப்பா, சரியா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல எங்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் அப்படி ஒரு பிரேக் போட்டதில்ல. நான் சொல்லிக் குடுத்தது அப்படியே வந்துது" என்றார். "அவளுக்கு ஓட்ட வராதுன்னு சொன்னேனே, அத நினைச்சாத்தான் தூக்கம் வரல."

"தூக்கம் வரலன்னா எழுந்து சட்டைய மாட்டுங்க" என்றேன்.

அவர் அன்றைக்குக் கிளம்பவில்லை. கால் வலி என்றார், முகம் இன்னும் வீங்கியிருக்கிறது என்றார், போன் பண்ணிச் சொல்லிவிடலாமே என்றார். "அவ உங்ககிட்ட போன்லயா வந்து அழுதா?" என்று கேட்டேன். மறுநாள் காலை நான் எழுந்தபோது, அவர் சவரம் செய்ய முடியாத முகத்தோடு, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கிளினிக் ஒரு மாடியில் இருந்தது. படி ஏறுவதற்குள் இவருக்கு மூச்சு வாங்கியது. கூடத்தில் நாற்காலிகளில் நோயாளிகள் காத்திருந்தார்கள். அவள் ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்டெத் குழாயைக் கீழே போட்டாள். "சார், ஏதாவது ஆயிடுச்சா? மறுபடி ரத்தம் வருதா?" என்று கேட்டாள். இந்த ஆளுக்கு இன்னும் பயப்படுகிறாளே என்று எனக்கு உடம்பு கூசியது.

"ஒண்ணும் இல்லம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன்" என்றார் இவர். உள்ளே ஒரு சின்ன அறை காலியாகத்தான் இருந்தது. அவள் அங்கே வரச் சொல்லிக் கை காட்டினாள். இவர் நகரவில்லை. "நீங்க எல்லார் முன்னாடியும் நின்னு அழுதீங்க. நானும் இங்கயே சொல்லிடறேன். அன்னிக்கு நான் பெல்ட்டு போடல. முதுகுக்குப் பின்னாடி மாட்டியிருந்தேன். அந்தப் பெரியவரையும் நான் பாக்கல. நீங்க பாத்தீங்க. நீங்க பண்ணினது சரி. தப்பு முழுக்க என்னோடது."

காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் கீழே விழுந்த குழாயை எடுத்து, அந்த அம்மாவின் கையிலிருந்து பட்டையைக் கழற்றி, நிதானமாகச் சுருட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அப்ப ஏன் சார் எனக்கு ஓட்ட வராதுன்னு சொன்னீங்க?"

சுருட்டிய பட்டையை மேசையில் வைத்தாள்.

"கண்ண மூடினா உங்க தலை கண்ணாடில மோதற சத்தம் கேக்குது சார். ஒரு ஆளக் கொல்லப் பாத்தேன்னு என் புருஷன்கிட்ட சொன்னேன், எங்க அம்மாகிட்ட சொன்னேன், இங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். சோறு இறங்கல. அந்தப் பெரியவரு என் கையப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னாரு. அதக்கூட நான் நம்பல. நீங்க சொன்னதத்தான் நம்பினேன், நீங்க வாத்தியாராச்சேன்னு."

"வந்து கத்துக்கோங்கம்மா" என்றார் இவர். "உங்களுக்கு நல்லா வருது. அந்த வேலைய விட்டுடாதீங்க."

"வேலைய வேணாம்னு இன்னும் சொல்லல. சொல்ல மாட்டேன்" என்றாள். "கத்துக்க வர்றேன். ஆனா உங்ககிட்ட இல்ல சார். வேற யாராவது இருந்தா சொல்லுங்க."

"சரிம்மா."

"இன்னொண்ணு. அன்னிக்கு அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்களோ, அவங்க எல்லார்கிட்டயும் இத நீங்களே சொல்லணும். அக்கா சொல்லக் கூடாது, நீங்க சொல்லணும்."

என்னை அவள் அக்கா என்றபோது நான் தலை குனிந்துகொண்டேன். "நானும் உன்ன ரொம்பப் பேசிட்டேன்மா, மனசுல வெச்சுக்காதே" என்றேன். அவள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் வேறு என்ன செய்வாள்.

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிறவன், கேட்டுவிட்டு "சரி அத்தான், உடம்பப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டில் போய் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் உட்காரச் சொன்னார்களாம், இவர் உட்காரவில்லையாம். பள்ளியில் முதலாளிக்கும் போன் போட்டார். பெல்ட் பழசு என்று சொன்னது பொய், காரில் ஒரு குறையும் இல்லை, இனிமேல் வாத்தியார்கள் எல்லோரும் முன்னால் மாட்டித்தான் உட்கார வேண்டும், சாய்ந்து பிடிக்க வேண்டிய அளவுக்கு வேகமாகப் போகவிட்டால் அது வாத்தியாரின் குற்றம் என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இவர் "ஆமா", "ஆமா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சம் ஒருத்திதான். மகள் உள்ளறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவர் அந்த வாசலுக்குப் போவதும் தண்ணீர் குடிக்கத் திரும்பி வருவதுமாக இருந்தார். "நீ சொல்லிடேன்" என்று என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. நான் பாத்திரம் துலக்கத் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் உள்ளே போனார். குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் சொன்னதையேதான் சொன்னார், ஆனால் இங்கே இரண்டு மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. "அந்த ஆன்ட்டி மேல ஒரு தப்பும் இல்லடா. அப்பா பொய் சொல்லிட்டேன்" என்று முடித்தார்.

பிறகு மகளின் குரல் வந்தது. கோபமாக இல்லை, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு மட்டுந்தான் போடலியாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள், சின்ன வாத்தியார் என்னிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது. நான் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றேன்.

"இல்லடா" என்றார் அவர். "அந்த சீட்ல நான் என்னிக்குமே போட்டதில்ல. உங்க ஸ்கூலுக்கு வந்து பேசின அன்னிக்கும் போடல."

எட்டிப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்திருந்தாள், எழுதவில்லை. அவர் மேசைக்கு இந்தப் பக்கம், உட்காரச் சொல்வாளா என்று காத்துக்கொண்டு நின்றிருந்தார்.